ஐம்பது மில்லிமீட்டர்

பிராட்டிஸ்லாவா, ஆற்றுக்குத் தென்கரை.
பன்னிரண்டு மாடி. பழைய லிஃப்டுக்கு உள்கதவே இல்லை;
ஏறினால் சுவர் நம் மூக்கை உரசிக் கீழிறங்கும்.
முதுகைப் பின்பலகையில் ஒட்டவைத்து
நாற்பது ஆண்டு அப்படியே போய்வந்தார்கள்.
டிசம்பரில் நான் போய்த் தானியங்கிக் கதவு போட்டேன்.

கதவோரம் இரண்டு கறுப்புப் பட்டைகள்.
ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொண்ணூற்று நான்கு கதிர்கள்,
கண்ணுக்குத் தெரியாமல் நெய்த திரை.
யாராவது கிழித்தால்
கதவு வந்த வழியே ஓடும்.

சோதிக்க என்னிடம் ஒரு கம்பு:
மஞ்சள் நிறம், ஐம்பது மில்லிமீட்டர் தடிமன்.
முழங்கால் உயரத்தில் நீட்டினேன், திறந்தது.
இடுப்பு, திறந்தது. தோள், திறந்தது.
படிவத்தில் மூன்று டிக்.

விளக்கு வைத்த பட்டையும் உண்டு:
திறந்திருக்கையில் பச்சை,
மூடப்போகிறேன் என்று சிவந்து சிமிட்டும்.
குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்வெட்டோஸார்
விலையை மட்டும் படித்தார்.
"அதுதான் பீப் அடிக்கிறதே!"
நானும் தலையாட்டினேன்.

எட்டாம் மாடி யார்மிலாவுக்கு
பீப் என்றால் என்னவென்று தெரியாது.
பிறந்ததிலிருந்தே கேட்காது.
ரொட்டி அடுப்படியில் இரவு வேலை,
விடிந்தும் விடியாமல் மாவு படிந்த கோட்டோடு
நாயைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள்.
கஷ்கொட்டை நிறம், பெயரும் அதுவே: காஷ்டான்.

பிப்ரவரி. நாய் முதலில் உள்ளே போயிற்று.
அவள் வெளியே குனிந்து
கோட்டுப்பையில் சாவி துழாவினாள்.
லிஃப்ட் பீப் அடித்தது.
ஒழுங்காகவே அடித்தது.
பிறகு கதவு மூடியது.

நடுவில் இருந்தது கயிறு மட்டும்.
எட்டு மில்லிமீட்டர்.
மீன்வலையில் கொசுவைப் போல
என் கதிர்களுக்கிடையே அது பாட்டுக்குக் கிடந்தது.

மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.
கையை விட்டு நழுவிய கயிறு
மூடிய கதவின் இடுக்கில்
மேலே, மேலே ஏறுவதைப் பார்த்தாள்.
கைப்பிடி வளையம் சட்டத்தில் மாட்டி விறைத்தது.
அவள் கத்தினாள்.
அவளுக்குக் கேட்காத அந்தக் கத்தல்
கட்டடம் முழுக்கக் கேட்டது.

கழுத்துப்பட்டைக் கொக்கி துருப்பிடித்தது.
தெறித்தது.
நூலிழையில் தப்பியது என்பார்களே,
இங்கே இழை அறுந்ததால் தப்பியது.
பதினோராம் மாடியில் கதவு திறந்தபோது
ஹாக்கி மட்டையோடு நின்ற பையன் வெண்டெலினை
ஏறு என்பதுபோலப் பார்த்ததாம் நாய்.

கூப்பிட்டார்கள். போனேன்.
கம்பை நீட்டினேன், திறந்தது.
எல்லாம் சரியாக இருந்தது.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

யார்மிலா கம்பைப் பிடுங்கினாள்,
கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
ரொட்டிப் பையில் எழுதி நீட்டினாள்:
"இதற்குத் தெரிவது உன் கம்பு மட்டும்தானா?"
கயிறு திரிக்க முடியாத கேள்வி.
ஆமாம் என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த
விளக்குப் பட்டை இரண்டைக் கொண்டுவந்தேன்.
கணக்கில் எழுதவில்லை.
ஸ்வெட்டோஸார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்,
விலை பேசாமல், என் முகம் பார்க்காமல்.

பச்சை நின்றது. சிவப்பு சிமிட்டியது.
அவள் இரு கைகளையும் உயர்த்தி
விரல்களை உதறினாள்.
அது கைத்தட்டல் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கம்பை மட்டும் திருப்பித் தரவில்லை.

அடுத்த வாரம் போனால்
கயிறு நெடுகிலும் மஞ்சள் கம்பளி உறை,
உள்ளே பஞ்சு திணித்து
என் கம்பின் தடிமனுக்கே பின்னியது.
காஷ்டான் உள்ளே, அவள் வெளியே.
வேண்டுமென்றே நிற்கிறாள்.
சிவப்பு. கதவு வந்தது,
கம்பளியைத் தொடும் முன்னே
பின்வாங்கியது. பச்சை.

நாய் கொட்டாவி விட்டது.
நான் படிவத்தை எடுத்து
நான்காவது டிக்குக்கு இடம் தேடினேன்.